குஞ்சு வாயைத் திறந்தால் பசி என்று அர்த்தமில்லை

கானுயிர்ப் படங்கள், நிலக்காட்சிப் படங்கள் பற்றி நீங்கள் கேட்டதும் நான் சொல்வதும். இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்குப் பாதி லென்ஸ் பற்றியவை. அவை அத்தனைக்கும் சேர்த்து முதல் பதிலிலேயே கணக்குத் தீர்த்துவிடுகிறேன். அப்புறம் நிம்மதியாக மற்றதைப் பேசலாம்.

கே: 600 மி.மீ. லென்ஸ் இல்லாமல் கானுயிர்ப் படம் எடுக்கவே முடியாது என்கிறார் நண்பர். என்னிடம் இருப்பது 70-300. கடன் வாங்கியாவது பெரிய லென்ஸ் வாங்கிவிடலாமா?
- மனைவிக்குத் தெரியாமல் கேட்கும் வாசகர்

ப: முதலில் மனைவிக்குத் தெரியட்டும். பாதிச் செலவு அங்கேயே மிச்சமாகும்.

நான் 11 வருடம் ஒரே 300 மி.மீ. லென்ஸை வைத்து ஓட்டியவன். வசதி இல்லாததால்தான், கொள்கை, தவம் என்றெல்லாம் ஒன்றும் கிடையாது. அதில் ஒரு லாபம் இருந்தது. லென்ஸ் சின்னது என்றால் மிருகம் எங்கே வரும், எப்போது வரும் என்று தெரிந்துகொண்டு அங்கே போய் முன்கூட்டியே உட்கார வேண்டும். வேறு வழியில்லை. 600 மி.மீ., எஃப் 4 லென்ஸ் (எஃப் என்பது லென்ஸ் துவாரத்தின் அளவு, எண் கூடினால் துவாரம் சுருங்கும்) கிட்டத்தட்ட மூன்று கிலோ. அதோடு கேமரா, ட்ரைபாட், அதன் தலை எல்லாம் சேர்ந்தால் ஒரு கைக்குழந்தையைச் சுமக்கிற கதைதான். குழந்தையாவது நடுவில் தூங்கும்.

கடைசியில் பெரிய லென்ஸ் கைக்கு வந்தபோது நடந்ததையும் சொல்கிறேன். மதியம் பன்னிரண்டு மணி வெயிலில், திறந்த புல்வெளியில், நூறு மீட்டருக்கு அப்பால் நின்ற மானை எடுத்தேன். ஒரு படமும் கூர்மையாக இல்லை. ரோமமெல்லாம் ஈரத் துணியால் துடைத்த மாதிரி கலங்கியிருந்தது. லென்ஸில் கோளாறு என்று முடிவுகட்டி சர்வீஸுக்கு அனுப்பினேன். சரியாக இருக்கிறது என்று திருப்பி அனுப்பினார்கள். நான் நம்பவில்லை, இரண்டாம் முறையும் அனுப்பினேன். கோளாறு காற்றில் இருந்தது. சூடான தரையிலிருந்து எழும் கானல் நடுவில் நின்று நெளிந்துகொண்டிருந்தது. தூரம் கூடக் கூட அதுவும் கூடும். எவ்வளவு விலை கொடுத்த லென்ஸாலும் அதை ஊடுருவ முடியாது. விடியற்காலையில் போவதும் கிட்டே போவதும்தான் அதற்கு மருந்து.

உங்கள் கேமராவின் சென்ஸார் சின்ன அளவு என்றால், 300 மி.மீ. லென்ஸே ஏறக்குறைய 450 மி.மீ. அளவுக்குக் காட்சியை நெருக்கித் தரும். அது போதும். மீதிக்குத் தரையில் படுங்கள். மிருகத்தின் கண்மட்டத்துக்கு லென்ஸ் இறங்கினால், பின்னணி அதன் காலடி மண்ணாக இல்லாமல் எங்கோ தூரத்துப் புதராகிவிடும், தானாக மங்கிப்போகும். 300 வைத்துக்கொண்டு படுத்தவர், 600 வைத்துக்கொண்டு நின்றவரை விட நல்ல படம் எடுத்ததைப் பலமுறை பார்த்திருக்கிறேன். நின்றவர்களில் ஒருவன் நான்.

கே: கொக்கை எடுத்தால் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்துப் போகிறது. யானையை எடுத்தால் சாம்பல் பூசிய மாதிரி இருக்கிறது. கேமரா ஆட்டோவில்தான் இருக்கிறது. என்ன தப்பு?

ப: கேமராவுக்குள் இருக்கும் மீட்டர் ஒரு பிடிவாதக்காரப் பெரியவர். உலகத்தில் உள்ளதெல்லாம் சராசரியாக நடுச் சாம்பல் நிறம்தான் என்பது அவர் கட்சி. கறுப்பைக் காட்டினால் 'இருட்டாக இருக்கிறது போல' என்று வெளிச்சத்தைக் கூட்டுவார். வெள்ளையைக் காட்டினால் குறைப்பார். இரண்டும் கடைசியில் சாம்பலாகும்.

உங்கள் யானை ஃபிரேம் முழுக்க நிறைந்திருக்கும். அதனால்தான் மீட்டர் கூட்டிவிட்டது. எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் குறையுங்கள், அதாவது உள்ளே விழும் வெளிச்சத்தைப் பாதியாக்குங்கள், யானை யானையாகும். கொக்கின் கதை கொஞ்சம் வேறு. அது ஃபிரேமில் சின்னதாக, இருண்ட தண்ணீருக்கு நடுவில் நின்றிருக்கும். மீட்டர் பார்த்தது தண்ணீரை. அதைச் சாம்பலாக்கப் போய்க் கொக்கைச் சுட்டுவிட்டது. அங்கேயும் ஒரு ஸ்டாப் குறைக்க வேண்டும், சில சமயம் ஒன்றரை. அதே கொக்கு ஃபிரேமை நிறைத்து நின்றால் எல்லாம் தலைகீழ், கூட்ட வேண்டும். பனிமலை எடுப்பவர்கள் ஒன்று முதல் இரண்டு ஸ்டாப் வரை கூட்டுவதும் இதே கணக்கில்தான்.

வெளுத்துப்போன இடம் திரையில் கண்சிமிட்டுகிற வசதி அநேகமாக எல்லாக் கேமராவிலும் உண்டு. அதைப் போட்டு வையுங்கள். இருண்டுபோன இறகை ரா ஃபைலிலிருந்து (கேமரா பதிந்ததைச் சுருக்காமல் அப்படியே வைத்திருக்கும் கோப்பு) மீட்டுவிடலாம். முழுக்க வெளுத்துப்போன இறகில் மீட்பதற்கு ஒன்றுமே இருக்காது.

கே: எங்கள் தோட்டத்துச் செடியில் சின்னான் (புல்புல் பறவை) கூடு கட்டியிருந்தது. மூன்று குஞ்சுகள். இரண்டே இரண்டு கிளைகளை மட்டும் விலக்கிவிட்டு மூன்றடி தூரத்திலிருந்து எடுத்த படத்தை இணைத்திருக்கிறேன். தலைப்பு: 'பசி'. பார்த்தவர்கள் எல்லாம் அம்மாவுக்காக ஏங்கும் குஞ்சுகள் என்று உருகிவிட்டார்கள். உங்கள் பகுதியில் வெளியிடுவீர்களா?
- ஒரு வாசகி

ப: படம் கூர்மையாக இருக்கிறதம்மா, வண்ணமும் நன்றாக இருக்கிறது. வெளியிடப் போவதில்லை. காரணம் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

பசியோடு இருக்கிற குஞ்சு வாயைத் திறக்கும் விதம் வேறு. கிளை லேசாக அசைந்தாலே அம்மா வந்துவிட்டாள் என்று நினைத்துக் கழுத்தை மேலே மேலே நீட்டும், உடம்பே நடுங்கும், வாய் வானத்தைப் பார்த்து விரியும். உங்கள் படத்தில் மூன்றும் கழுத்தைக் கூட்டின் விளிம்பில் சாய்த்திருக்கின்றன. வாய் பாதி திறந்திருக்கிறது. நிழலைப் பாருங்கள்: நேர் கீழே, குட்டையாக. உச்சி வெயில். அவை சாப்பாடு கேட்கவில்லை. மூச்சு வாங்குகின்றன. பறவைக்கு வியர்க்காது, வாயைத் திறந்து வேகவேகமாக மூச்சு வாங்கிச் சூட்டை வெளியேற்றும். இறகு முளைக்காத குஞ்சுக்கு உடம்புச் சூட்டைச் சமாளிக்கிற திறனும் இன்னும் வந்திருக்காது. அதற்கு அம்மாவின் உடம்பு ஒரு குடை, இலை இன்னொரு குடை. நீங்கள் விலக்கிய அந்த இரண்டு கிளைகள்தான் இரண்டாவது குடை. மூன்றடியில் நீங்கள் நின்றதால் முதல் குடையும் வரவில்லை.

இதை எப்படி இவ்வளவு நிச்சயமாகச் சொல்கிறேன் என்று கேட்பீர்கள். இதே படத்தை நானும் எடுத்திருக்கிறேன்.

ஃபிலிம் காலம். அதுவும் சின்னான் கூடுதான், இடுப்பு உயரப் புதரில். மறைத்துக்கொண்டிருந்த ஒரு கிளையை ஒடிக்க மனம் வரவில்லை. நல்லவன் பாருங்கள்! என் ஷூ லேஸை அவிழ்த்து, கிளையை வளைத்து, பக்கத்துத் தண்டோடு கட்டினேன். முக்கால் மணி நேரம் காத்திருந்தேன். தாய்ப்பறவை வாயில் பச்சைப் புழுவோடு அடுத்த புதரில் வந்து உட்கார்ந்தது. கத்திற்று. இடம் மாறி உட்கார்ந்தது. மறுபடி கத்திற்று. கூட்டுக்கு வரவில்லை. கடைசியில் அந்தப் புழுவை அதுவே விழுங்கிவிட்டுப் போய்விட்டது. அதையும் நான் ஒரு சுவாரஸ்யமான விஷயமாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தப் பக்கம் குஞ்சுகள் வாயைத் திறந்துகொண்டு கிடந்தன. ரோல் தீரும்வரை எடுத்தேன்.

புறப்படும்போது லேஸை அவிழ்த்தேன். கிளை பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. வளைத்த இடத்தில் துவண்டு, இலையெல்லாம் தொங்கிப்போயிருந்தது. மறுநாள் போய்ப் பார்த்தபோது கூடு காலி.

அந்த ஸ்லைடைப் பல கூட்டங்களில் திரையிட்டேன். கைதட்டல் விழும். ஒரு கூட்டத்தில் வயதான ஓர் அம்மாள், பறவைகளை ஆராய்ச்சி செய்தவர், முடிந்த பிறகு கிட்டே வந்து கேட்டார்: "தம்பி, அதுங்க மூச்சு வாங்குதே, நெழல் எங்க போச்சு?" எனக்குச் சட்டென்று புரியவில்லை. வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்து ஸ்லைடை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். ஃபிரேமின் இடது ஓரத்தில் அந்த லேஸின் முடிச்சு தெரிந்தது. அத்தனை முறை திரையிட்டும் நான் அதைப் பார்த்ததே இல்லை.

இப்போது நீங்கள் செய்யக்கூடியது: அந்தக் கூட்டுப் பக்கம் மறுபடி போகாதீர்கள், சரிசெய்யக்கூடப் போக வேண்டாம். தாய்ப்பறவை வந்துபோகிறதா என்று தூரத்திலிருந்து, முடிந்தால் வீட்டு ஜன்னலிலிருந்து பாருங்கள். இரை கொண்டு வரும் பறவை நேராகக் கூட்டுக்குள் பாயாது. வழக்கமாக ஒரு கிளையில் இறங்கி, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத்தான் போகும். நாலு தடவை கவனித்தால் அது எந்தக் கிளை என்று தெரிந்துவிடும். ஜன்னலுக்குள் இருந்தபடியே அந்தக் கிளைக்கு ஃபோகஸ் வைத்துக் காத்திருங்கள். வாயில் புழுவோடு ஒரு சின்னான் கிடைக்கும். அதை எனக்கு அனுப்புங்கள், முழுப் பக்கத்தில் போடச் சொல்கிறேன்.

கே: இரவில் ஃபிளாஷ் போட்டு ஆந்தையை எடுக்கலாமா?

ப: நான் எடுப்பதில்லை. ஆந்தையின் கண் இருட்டுக்குப் பழகி முழுக்க விரிந்திருக்கும். அந்த நேரத்தில் முகத்துக்கு நேராக ஒரு மின்னல் வெட்டினால் கொஞ்ச நேரத்துக்கு அதற்குச் சரியாகத் தெரியாது. கண்ணை நம்பிக் கிளைகளுக்கு நடுவே பறக்கிற பிறவி அது. அந்திக் கருக்கலில், ஐ.எஸ்.ஓவை (கேமராவின் ஒளி உணர்திறனை) 6400 வரை தள்ளி, ட்ரைபாடில் வைத்து 1/60 நொடியில் எடுங்கள். உட்கார்ந்திருக்கும் ஆந்தையைப்போல ஆடாமல் அசையாமல் போஸ் கொடுக்கிற ஆள் கிடையாது. படத்தில் வரும் புள்ளிகளை இன்றைய மென்பொருள்கள் நன்றாகவே துடைத்துவிடுகின்றன.

ஆனால் இந்தக் கலையே இரவு ஃபிளாஷில் பிறந்ததுதான் என்று யாராவது என்னை மடக்கலாம். ஓரளவு உண்மை. ஜார்ஜ் ஷிராஸ் என்ற அமெரிக்கர், வேட்டைக்காரராக இருந்து துப்பாக்கியை வைத்துவிட்டுக் கேமராவை எடுத்தவர், ராத்திரியில் படகில் மெதுவாகப் போய், கரையில் நிற்கும் மான்களை வெடிப்பொடி ஃபிளாஷில் எடுத்தார். பாதையின் குறுக்கே கம்பி கட்டி, மிருகம் இடறினால் அதுவே தன்னைப் படம் எடுத்துக்கொள்ளும்படியும் செய்தார். இன்றைய கேமரா ட்ராப்புக்குப் பாட்டன் அது. 1906 ஜூலையில் நேஷனல் ஜியோகிரஃபிக் இதழ் அவருடைய 74 படங்களை ஒரே இதழில் வெளியிட்டது. அவர் கையில் அன்று அந்தப் பொடியை விட்டால் வேறு ஒன்றும் இல்லை. நம் கையில் இருக்கிறது.

கே: நான் கேமராவைத் தூக்கியதும் பறவை பறந்துவிடுகிறது. கிடைப்பதெல்லாம் வால் படங்கள். ராசியா?

ப: காற்று. ராசியெல்லாம் இல்லை.

பறவை பெரும்பாலும் காற்றை எதிர்த்துத்தான் கிளம்பும், காற்றை எதிர்த்துத்தான் இறங்கும். விமானம் போல. காற்று உங்கள் முகத்தில் அடித்தால், பறவை உங்களுக்கு முதுகு காட்டித்தான் கிளம்பும், வால்தான் கிடைக்கும். காற்று உங்கள் முதுகில் படும்படி நில்லுங்கள். பறவை உங்களைப் பார்த்துக் கிளம்பும். முதுகுப் பக்கமே சூரியனும் இருந்துவிட்டால் அன்றைக்கு நீங்கள்தான் ராஜா. மிருகங்களுக்கு இந்தக் கணக்கு நேர் எதிர். உங்கள் வாசனை அதன் மூக்குக்குப் போகக் கூடாது. காற்று உங்கள் முகத்தில்தான் அடிக்க வேண்டும். இரண்டையும் குழப்பிக்கொண்டு வெறும் கையோடு திரும்பிய நாட்கள் எனக்கு நிறைய உண்டு.

எப்போது கிளம்பும் என்பதையும் அதுவே சொல்லும். கழுத்தை நீட்டும், உடம்பைத் தாழ்த்தும், ஒரு காலை மாற்றி வைக்கும். கழுகு, கொக்கு மாதிரிப் பெரிய பறவைகள் பல, கிளம்புவதற்குச் சற்று முன் எச்சமிடும். சிரிக்காதீர்கள், இந்தத் தொழிலில் இதைவிட நம்பகமான மணி கிடையாது. எச்சம் விழுந்ததும் ஷட்டரை அழுத்தத் தொடங்குங்கள். ஷட்டர் வேகம் 1/2000 நொடியை விடக் குறைந்தால் சிறகு நுனி கலங்கும். சின்னப் பறவை என்றால் 1/3200.

இன்னொன்றும் உண்டு. ஒரு மிருகத்தை நீங்கள் நெருங்கும்போது மேய்வது நின்று தலை நிமிர்கிறதா? காது உங்கள் பக்கம் திரும்புகிறதா? அங்கேயே நின்றுவிடுங்கள். அது மறுபடி தலையைக் குனிந்து மேயும் வரை ஓர் அடிகூட வேண்டாம். யானை காதை விரித்து உங்களை நேராகப் பார்க்கிறது என்றால் படத்தை மறந்து பின்வாங்குங்கள். அந்தப் படம் எல்லாரிடமும் ஏற்கெனவே இருக்கிறது.

கே: பௌர்ணமி நிலாவை மலைக்கு மேலே எடுத்தால் வெள்ளைப் பொட்டு மாதிரி வருகிறது. நிலாவைச் சரியாக எடுத்தால் மலை கறுப்பாகிவிடுகிறது.

ப: நிலாவை விளக்கு என்று நினைக்கிறோம். அது வெயிலில் கிடக்கிற பாறை. நம் ஊர்ப் பாறைமேல் அடிக்கிற அதே சூரியன்தான் அதன்மேலும் அடிக்கிறது. அதனால் நடுப்பகலில் ஒரு பாறையை எடுப்பது போலவே எக்ஸ்போஷர் வைக்க வேண்டும். பழைய ஆட்களின் சூத்திரம்: எஃப் 11 வைத்துக்கொள், ஐ.எஸ்.ஓ எவ்வளவோ அதன் கீழ் ஒன்று ஷட்டர். ஐ.எஸ்.ஓ 200 என்றால் 1/200 நொடி. அடிவானத்தை ஒட்டி மங்கலாகத் தெரிந்தால் ஒன்றிரண்டு ஸ்டாப் திறந்துவிடலாம்.

மலையும் சேர்ந்து வேண்டுமென்றால் நிலாவும் மலையும் ஒரே அளவு வெளிச்சத்தில் இருக்கிற அந்தச் சில நிமிடங்களைப் பிடிக்க வேண்டும். பௌர்ணமியன்று சூரியன் மறையும் நேரத்தை ஒட்டி நிலா எழும். அதற்கு முதல் நாள் அதைவிட முன்பே எழுந்து, மலையில் இன்னும் வெயில் இருக்கும்போதே வானத்தில் நிற்கும். முதல் நாள்தான் நம் நாள். பௌர்ணமிக்குப் போகிற கூட்டமும் இருக்காது.

அமெரிக்க நிலக்காட்சிப் புகைப்படக்காரர் அன்ஸல் ஆடம்ஸ் எடுத்த, நியூ மெக்ஸிகோவின் ஹெர்னாண்டஸ் கிராமத்து நிலாவைப் பார்த்திருப்பீர்கள். காரில் போய்க்கொண்டிருந்தவர் அந்தக் காட்சியைக் கண்டதும் வண்டியை ஓரங்கட்டி, 8க்கு 10 அங்குலப் பெரிய கேமராவை அவசர அவசரமாகப் பூட்டினார். லைட் மீட்டரைக் காணோம். கீழே கல்லறைச் சிலுவைகள்மேல் கடைசி வெயில் நழுவிக்கொண்டிருக்கிறது. நிலாவின் பிரகாசம் ஒரு சதுர அடிக்கு 250 கேண்டில் (ஒளியை அளக்கும் அலகு) என்பது மனதில் இருந்தது. அதை வைத்தே கணக்குப் போட்டு ஒரு படம் எடுத்தார். பத்திரத்துக்கு இன்னொன்று எடுக்க ஃபிலிமைத் திருப்பிப் போடுவதற்குள் சிலுவைகள்மேல் இருந்த வெயில் போய்விட்டது. ஒரே நெகட்டிவ். அதை இருட்டறையில் வருடக்கணக்காக விதவிதமாக அச்சிட்டார். எடுத்த தேதியை அவர் குறித்து வைக்கவில்லை. ஆண்டையே மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். படத்தில் நிலா இருக்கும் இடத்தை வைத்து, 1941 நவம்பர் 1 என்று வானியல்காரர்கள் பின்னாளில் கணக்கிட்டுச் சொன்னார்கள்.

மீட்டர் தொலைந்தாலும் படம் வந்தது என்று பலரும் இதை வியந்து சொல்வார்கள். எனக்கு வியப்பு அந்த 250தான். அதை எப்போதோ தெரிந்துகொண்டு, தேவைப்படும் நொடிக்காக மண்டையில் வைத்திருந்தாரே!

கே: நிலக்காட்சிக்கு எஃப் 22 வைத்தால்தானே எல்லாம் கூர்மையாக வரும்?

ப: வராது. துவாரம் அவ்வளவு சுருங்கினால் ஒளி வளைந்து படம் முழுக்கக் கொஞ்சம் மெத்தென்று ஆகிவிடும். எஃப் 8, எஃப் 11 போதும். ஃபோகஸை அடிவானத்தில் வைக்காமல் முன்னால் கொஞ்சம் இழுத்து வையுங்கள்.

கே: போட்டிக்குப் படம் அனுப்பலாம் என்றிருக்கிறேன். இரை வைத்து வரவழைத்தால் யாருக்குத் தெரியப்போகிறது?

ப: தெரிந்துவிடும் என்பதற்கு இரண்டு கதை. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்தும் கானுயிர்ப் புகைப்படப் போட்டி 1965இல் தொடங்கியது. இந்தத் துறையின் பெரிய மேடை. 2009இல் வேலிக்கதவைத் தாண்டிப் பாயும் ஓநாய் ஒன்று முதல் பரிசு வாங்கியது. அது பழக்கிய ஓநாயாகத்தான் இருக்கும் என்று நடுவர்கள் முடிவு செய்து, 2010 ஜனவரியில் பரிசைத் திரும்பப் பெற்றார்கள். எடுத்தவர் கடைசிவரை மறுத்தார். அடுத்தது 2018. கரையான் புற்றை நெருங்கும் எறும்புத்தின்னி. முந்தின வருடம் ஒரு பிரிவில் வென்ற படம். படம் எடுத்த பிரேசிலின் எமாஸ் தேசியப் பூங்காவில் பார்வைக்கு வைத்திருந்த பாடம் செய்த எறும்புத்தின்னியின் உடம்பில் இருக்கும் குறிகளும் படத்தில் இருப்பவையும் ஒன்றுபோல் இருப்பதாக யாரோ கவனித்துச் சொல்ல, அந்தப் பரிசும் போயிற்று. இவரும் மறுத்தார்.

ஓநாய்ப் படத்தில் எனக்கு ஒரு சந்தேகம் அன்றைக்கே இருந்தது, ஊரெல்லாம் சொன்ன பிறகு சொல்வதால் நம்ப மாட்டீர்கள். கம்பிகளின் சந்தில் நுழைந்து போகக்கூடிய மிருகம் எதற்காகத் தாண்டுகிறது?

எடுத்த விதத்தைப் படத்தின் கீழே எழுதிவிடுங்கள். எழுதக் கை கூசினால் அனுப்ப வேண்டாம்.

கே: அபூர்வமான பறவை ஒன்றைப் பார்த்தேன். எங்கே என்று எல்லாரும் கேட்கிறார்கள். சொல்லலாமா?

ப: மாவட்ட அளவில் சொல்லுங்கள், மரம் அளவில் சொல்லாதீர்கள். படத்துக்குள் செல்பேசியே இடக்குறியீட்டைப் பதித்து வைத்திருக்கும். பகிர்வதற்கு முன் அதை நீக்குங்கள். கேட்கிறவர்களில் நல்லவர்களே அதிகம். ஐம்பது நல்லவர்கள் ஒரே மரத்தடியில் நின்றாலும் பறவைக்குத் தாங்காது.

கே: மழைக்காலத்தில் லென்ஸுக்குள் வெள்ளையாக நூல் மாதிரி ஏதோ படர்ந்திருக்கிறது. துடைத்தால் போகவில்லை.

ப: பூஞ்சை. உள் கண்ணாடியில் இருக்கிறது, வெளியே துடைத்துப் பயனில்லை. உடனே பிரித்துச் சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள். நாள்பட்டால் கண்ணாடியின் பூச்சையே அரித்துவிடும். இனிமேல் தோல் பையில் போட்டுப் பீரோவில் பூட்டாதீர்கள். காற்றுப் புகாத டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல், ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதம். வாரம் ஒருமுறை எடுத்து வெளிச்சத்தில் நாலு படம் எடுங்கள். குளிர்சாதன அறையிலிருந்து புழுக்கத்துக்குக் கேமராவைக் கொண்டுபோகும்போது பிளாஸ்டிக் பையில் கட்டியே வெளியே எடுத்துப்போய், அரை மணி கழித்துப் பிரியுங்கள். ஈரம் பையின் மேல் படியும், லென்ஸில் படியாது.

ஈரம் என்றதும் ஞாபகம் வருகிறது. கார் ஜன்னலில் லென்ஸைத் தாங்கி வைக்கத் தானியம் நிரப்பிய துணி மூட்டை ஒன்று வைத்திருந்தேன். ட்ரைபாடை விட வசதி. வண்டிக்குள்ளேயே இருப்பதால் மிருகங்களும் நம்மை ஆளாக மதிப்பதில்லை. இன்ஜினை மட்டும் அணைக்க வேண்டும், இல்லாவிட்டால் அதிர்வு படத்தில் இறங்கும். ஒருமுறை மழையில் நனைந்த மூட்டையை அப்படியே டிக்கியில் போட்டு மறந்துவிட்டேன். பத்து நாள் கழித்துத் திறந்தால் தையல் வழியாக நாலாபக்கமும் முளை விட்டிருந்தது. இப்போது பிளாஸ்டிக் குருணை போட்டிருக்கிறேன். முளைக்காது.

கே: மாமா, ராத்திரி எங்க பூனையை போட்டோ எடுத்தா கண்ணு பச்சையா எரியுது. என் தம்பியை எடுத்தா சிவப்பா எரியுது. ஏன்?
- ஆறாம் வகுப்பு

ப: பூனையின் கண்ணுக்குப் பின்பக்கம் கண்ணாடி மாதிரி ஒரு படலம் இருக்கிறதுடா கண்ணு. உள்ளே போன வெளிச்சத்தை அது திருப்பி அனுப்பும். அதனால் ஒரே வெளிச்சத்தைப் பூனை இரண்டு தடவை பயன்படுத்திக்கொள்ளும். இருட்டில் அதற்கு நன்றாகத் தெரிவதற்கு அதுவும் ஒரு காரணம். நாய், மாடு, மான் எல்லாவற்றுக்கும் அது உண்டு. உன் தம்பிக்குக் கிடையாது. அவன் கண்ணில் தெரிகிற சிவப்பு, உள்ளே இருக்கிற ரத்தக் குழாய்களின் நிறம். ஃபிளாஷ் லென்ஸுக்கு ரொம்பப் பக்கத்தில் இருப்பதால்தான் அந்த வெளிச்சம் நேராகத் திரும்பி வந்து படத்தில் விழுகிறது.

ஒரு வேலை செய். வீட்டில் பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு, செருப்பு போட்டுக்கொண்டு, ராத்திரி புல் இருக்கிற இடத்துக்குப் போ. டார்ச்சைக் கண்ணுக்குப் பக்கத்தில், காதோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு புல்லைப் பார். அங்கங்கே பொட்டுப் பொட்டாக மின்னும். பனித்துளி என்று நினைப்பாய். டார்ச்சைக் கண்ணை விட்டு ஒரு முழம் தள்ளிப் பிடி. பனித்துளி அப்படியே மினுங்கிக்கொண்டிருக்கும். எந்தப் பொட்டு சட்டென்று அணைகிறதோ அது சிலந்தி. மறுபடி காதோடு வைத்துக்கொண்டு, அந்தப் பொட்டை விடாமல் பார்த்தபடி மெதுவாகக் கிட்டே போ. எத்தனை சிலந்தி எண்ணினாய் என்று எனக்கு எழுது.